வாசலக் காணோம்

இயேசு மரி சூசை துணை

கொரக்காவத்தை தோட்டம்,
மேற்பிரிவு, தெரணியகலை.
18.02.2024

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உன் அண்ணி ஜெனிற்றா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் ஸ்டீபனும் சுகம். உன் அப்பாவுக்கு, என் மாமாவுக்கு, இருமல் மட்டும் விடவில்லை. அதோடு சண்டை பிடித்துக்கொண்டே நடமாடுகிறார். மன்னார் வெயில் உன்னை என்ன பாடு படுத்துகிறது? கன்னியர் மடத்துக்கு வரும் கடிதங்களை மதர்தான் முதலில் படிப்பார் என்று எழுதியிருந்தாய். அவருக்கும் என் வணக்கம். பயிற்சி முடியும்வரை போன் கிடையாது என்ற சட்டத்தால்தான் பத்து வருடத்துக்குப் பிறகு பேனா பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பழி உங்களுக்குத்தான்.

இங்கே ஒரு புதுக் கதை. நம் லயத்து வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. கட்டட ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பார்த்து, சிவப்புப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பலத்த மழை பெய்தால் எல்லாரும் கீழே பாடசாலைக்குப் போய்விட வேண்டுமாம். ஒரு அதிகாரி மாத்தயா புரொஜெக்டரோடு வந்து, காலநிலை மாறுகிறது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டுகிறது என்று கோடு கோடாகக் காட்டினார். விளக்கை அணைத்ததும் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பகல் முழுக்கக் கொழுந்து பறித்தவர்களை இருட்டில் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்?

விழித்திருந்தவர் மாமா ஒருவர்தான். தோட்டத் தொழிலாளர் தலைவர் அல்லவா! எழுந்து ஒரே போடாகப் போட்டார். "லயத்த விட்டு எறங்கினா தோட்டம் பூட்டுப் போட்டுரும். பெறகு திரும்பி வர எங்களுக்கு என்ன இருக்குங்க?" எல்லாரும் தலையாட்டினார்கள். நம் லயத்தில் மாமா இறங்காமல் ஒரு கோழியும் இறங்காது என்பது உனக்குத் தெரியும்.

அந்த மாத்தயாவோடு இரத்தினபுரியிலிருந்து நுஸ்ஹா என்றொரு பிள்ளை வந்திருந்தாள். கூட்டம் முடிந்த பிறகு பெண்களிடம் வந்து, "படம் காட்டி ஒண்ணும் ஆகல்ல. இத நீங்களே நாடகமாப் போடுங்களேன்" என்றாள். சுப்பம்மாக்கா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். "இவ ஒப்பாரி வச்சா செத்தவனே எந்திரிச்சு உக்காருவான்." இப்போது நாடகத்தில் ஒப்பாரி பாடுவது நான்தான். உயிரோடிருக்கும் லயத்துக்கு ஒப்பாரி வைப்பது பாவமா என்று மதரிடம் கேட்டு எழுது.

மாமா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நீ பஸ் ஏறிய நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் உன் கடிதத்தை நான் உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டும்போது ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.

அன்புடன்,
அண்ணி ஜெனிற்றா


மன்னார்
10.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிணற்று நீர் உப்பு. தேத்தண்ணீர் குடித்தால் கடலைக் குடித்த மாதிரி. நான் "போறோம்ங்க" என்று சொல்லும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேருக்கு அந்த "ங்க" ஒட்டிக்கொண்டுவிட்டது. மதருக்கே ஒருநாள் வாயில் வந்துவிட்டது.

மதரிடம் கேட்டேன். உயிர்களைக் காப்பாற்றப் பாடினால் பாவமில்லை என்றார். ஆனால் யார் பெயரையும் போட்டுப் பாடாதீர்கள் அண்ணி. உயிரோடிருப்பவர் பெயர் ஒப்பாரியில் வந்துவிட்டால் பிறகு அந்த லயத்தில் நீங்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க முடியாது.

அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். மழை வந்தால் பின் காம்பராவில் என் பெட்டி இருக்கும் மூலை ஒழுகும். பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, பழைய உடுப்புகள்தான். இருந்தாலும் நனைய வேண்டாம்.

அண்ணனுக்கு என் அன்பு.

ஹில்டா


கொரக்காவத்தை
26.03.2024

அன்புள்ள ஹில்டாவுக்கு,

கடிதம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என் கைக்கு வந்தது. கொழுந்துச் சாயம் பட்டுப் பாதி பச்சை. சுகமாக இருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய், சரி, நம்புகிறேன். இங்கேயும் குறைவில்லை. உன் பெட்டியைத் தள்ளி வைக்கப் போனேன். அது ஏற்கெனவே கட்டிலுக்கு மேலே ஏறி, பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திக்கொண்டு இருக்கிறது. நானும் வைக்கவில்லை, உன் அண்ணனும் வைக்கவில்லை. மிச்சம் யாரென்று நீயே பார்த்துக்கொள்.

நாடகத்துக்குப் பழகிய கதையைக் கேள். வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று சுப்பம்மாக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அதனால் வேலை முடிந்ததும் ரப்பர் மலைக்குள் போய்ப் பழகினோம். நான், சுப்பம்மாக்கா, இன்னும் நாலு பெண்கள். தலைமுடியை அவிழ்த்து, மாரில் அடித்து, நன்றாகவே பாடினோம். அதுதான் பிழையாகிவிட்டது. சத்தம் கீழ்ப் பிரிவுக்குக் கேட்டு, மேற்பிரிவில் யாரோ போய்விட்டார்கள் என்று அவர்கள் பாதைக்குக் குறுக்கே வெள்ளைக் கொடி கட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சீனி, தேயிலை, வெற்றிலையோடு ஒரு கூட்டமே ஏறி வந்துவிட்டது. "யாருங்க? யாரு போனது?" என்று கேட்கிறார்கள். சுப்பம்மாக்கா முடியை முடிந்துகொண்டே, "இன்னும் யாரும் போகலீங்க, பழகுறோம்" என்றாள். திட்டிவிட்டு, கொண்டுவந்த சீனியில் எங்களுக்கே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நீ சொன்னபடி யார் பெயரும் இல்லை. எல்லாம் "அப்பா", "மகள்" மட்டும்தான். மண்சரிந்த பிறகு வெளியூரிலிருந்து மகள் வருகிறாள் என்பது கதை. நானே கட்டிய அடிகள் இவை:

தூர ஊரு போயிருந்தேன் – என்னப் பெத்த அப்பாவே
துணிமூட்ட தூக்கி வந்தேன்;
வந்து நின்னேன், வாசலக் காணோம் – என்னப் பெத்த அப்பாவே
மண்ணக் கேட்டு நிக்கிறேனே.

எப்படி? உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். சித்திரைப் புத்தாண்டுக்கு மேடை.

அண்ணி


கொரக்காவத்தை
20.04.2024

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால் தாமதமோ, நீ தாமதமோ? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நாடகம் முடிந்தது. கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவோமே, அந்தப் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னாலிருக்கும் மைதானத்தில் போட்டோம். மலையாக நடித்தது செல்லையா அண்ணன். ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலேயுள்ள காட்டை வெட்டும்போது ஒரு தரம் முனகுவார். தண்ணீர் ஓடும் கானில் குப்பை கொட்டும்போது இன்னொரு தரம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு மழை வந்தது, அவர் எழுந்தார். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. நான் முடியை அவிழ்த்துக்கொண்டு வந்து பாடினேன். கங்காணிகூட கண்ணைத் துடைத்தார். நுஸ்ஹா போனில் படம் பிடிக்க மறந்து நின்றுவிட்டாள்.

அந்த வாரமே எல்லாரும் மண்வெட்டியோடு வந்தார்கள். லயத்துக்குப் பின்னாலிருந்த கான் முழுவதையும் தோண்டிச் சுத்தம் செய்து, சரிவில் வெட்டிவேர் நட்டோம். பிள்ளைக் காம்பரா சுவரில் பிள்ளைகள் மலையை வரைந்திருக்கிறார்கள், செல்லையா அண்ணனின் மீசையோடு. பக்கத்தில் மழை அளக்கும் போத்தல். அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் செல்லையா அண்ணன் தப்பு மேளம் அடிப்பார், எல்லாரும் பாடசாலைக்கு இறங்குவோம். இறங்கினாலும் லயத்துக் காம்பரா வீடுகள் எங்களுக்கே என்று தோட்டத்துத் துரையும் கிராம சேவகரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

மாமா முன்வரிசையில் இருந்தார். பலாக்கொட்டைக் கறி வைத்திருந்தேன், நன்றாக வந்தது. மற்றபடி எல்லாரும் சுகம்.

அண்ணி


மன்னார்
05.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். காய்ச்சலில் கிடந்ததால் பதில் எழுதவில்லை. இப்போது எழுந்துவிட்டேன்.

கங்காணி அழுததை எழுதினீர்கள். நுஸ்ஹா நின்றதை எழுதினீர்கள். செல்லையா அண்ணனின் மீசைக்குக்கூட ஒரு வரி. அப்பா முன்வரிசையில் இருந்தார் என்று எழுதிவிட்டு உடனே பலாக்கொட்டைக்குப் போய்விட்டீர்கள். அந்தக் கறியை அப்பா சாப்பிட்டாரா? அண்ணி, உங்களை எனக்குத் தெரியாதா? என்ன நடந்தது என்று எழுதுங்கள். இங்கிருந்து எனக்கு வேறு வழியில்லை.

ஹில்டா


கொரக்காவத்தை
14.05.2024

அன்புள்ள ஹில்டாவுக்கு,

காய்ச்சல் விட்டது தெரிந்து நிம்மதி. கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

மாமா அந்தக் கறியைச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து என் கையால் ஒன்றும் சாப்பிடுவதில்லை. தானே அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக்கொள்கிறார். "வாசலக் காணோம்" என்று நான் பாடியபோது எழுந்து, சனத்துக்கு நடுவே நடந்து போய்விட்டார். தன்னைத்தான் பாடினேன் என்று நினைத்து, உயிரோடிருக்கும் தன்னை நான் பாட்டிலேயே கொன்றுவிட்டதாகக் கோபிக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். உன் அண்ணன் போய், "பேரு ஒண்ணும் போடலியேப்பா" என்றார். மாமா அடுப்பிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

மறுநாள் வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கினார். வாசற்படிக்குச் சீமெந்து பூசினார். கதவுக்குப் புதுப் பிணைச்சல் மாட்டி, நீலப் பெயின்ட் அடித்தார். விழப்போகிறது என்று பலகை நட்ட வீட்டுக்கு! எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, இனிப் பூட்டுப் போட மாட்டாங்கன்னு கையெழுத்தே குடுத்துட்டாங்களே. இன்னும் என்னங்க?" என்று கேட்டேன். தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பூட்டு கெடக்கட்டும். அங்க அந்தப் புள்ளைக்கு ஒத்து வராம ஒரு நாளைக்குத் திரும்பி வந்தா எங்க வந்து நிப்பா? நீதான பாடுன, வாசலக் காணோம்னு. வாசல் இங்கதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்."

ஹில்டா, அந்த அடிகளைக் கட்டும்போது நான் உன்னை நினைக்கவே இல்லை, சத்தியமாக. தூர ஊர், மகள் என்று வாயில் வந்ததைப் பாடினேன். ஊரையே இறங்கச் சம்மதிக்கவைத்த பாட்டு, யாரை இறக்க வேண்டுமோ அவரை ஆணியடித்து நிறுத்திவிட்டது. இப்போது மற்றவர்களும் இழுக்கிறார்கள். "தலைவர் இருந்தா நாங்களும் இருக்கோம்" என்கிறார்கள். பதினான்கு குடும்பம். போத்தலில் கோடு இருக்கிறது, காலில் அசைவில்லை.

இந்த மாதக் கடைசியில் மழை இறங்கும். பயமாக இருக்கிறது. நீ திரும்பி வரவே மாட்டாய் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அவர் இறங்கக்கூடும். இப்படிக் கேட்பது சரியில்லை என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணி


மன்னார்
20.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு தேறிவிட்டது. இதை விரைவுத் தபாலில் அனுப்ப மதர் அனுமதி தந்தார். படித்துவிட்டுத்தான் தந்தார். அதனால் இனி எதையும் மறைக்கத் தேவையில்லை.

திரும்பி வரவே மாட்டேன் என்று என்னால் எழுத முடியாது. அது உண்மையா என்று எனக்கே தெரியாது. பெப்ரவரியில் ஒருநாள், வீட்டுக்கு வருகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். மார்ச்சில் மனம் நின்றது. காய்ச்சலில் மறுபடி ஆடியது. பெட்டியை ஏன் கேட்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். அப்பாவுக்கு நீங்கள் சொல்லாமலே புரிந்திருக்கிறது. என்னோடு கோபம் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக அழுகிறேன்.

அப்பாவிடம் பொய் சொல்ல முடியாது. ஆகவே உண்மையாக எது தெரியுமோ அதை மட்டும் எழுதியிருக்கிறேன். கடிதமாக வாசித்தால் எழுந்து போய்விடுவார். உங்கள் மெட்டிலேயே பாடுங்கள். அவர் காதில் விழும்படி பாடுங்கள்.

வாசலத் தேடி வரமாட்டேன் – என்னப் பெத்த அப்பாவே
வழி கேட்டு உன்னத் தேடி வருவேன்;
காம்பரா போனாப் போகட்டும் – என்னப் பெத்த அப்பாவே
கண்ணுக்கு நீ இருந்தாப் போதுமே.

இங்கே வானம் வெளுத்துக் கிடக்கிறது. உங்கள் பக்கத்து வானத்தை நினைத்துத்தான் ஜெபிக்கிறேன்.

ஹில்டா


பாடசாலை, கொரக்காவத்தை
09.06.2024

அன்புள்ள ஹில்டாவுக்கு,

முதலில் இதைப் படி: எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். மாமா, உன் அண்ணன், நான், பதினான்கு குடும்பமும். செல்லையா அண்ணனின் ஆடு ஒன்றுதான் போய்விட்டது. பாதை உடைந்து தபால் நின்றதால் ஒரு வாரமாக எழுத முடியவில்லை. வானொலிச் செய்தி கேட்டு நீ எப்படித் தவித்திருப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

உன் பாட்டு மழைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. நல்ல நேரம் பார்த்துப் பாடலாம் என்று வைத்திருந்தேன். மழை நேரம் பார்க்கவில்லை. விடியும்போதே பிடித்தது. வேலை நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் போத்தலில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. செல்லையா அண்ணன் தப்பு அடித்தார். எல்லாரும் மூட்டையோடு இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து நின்றார்கள். வந்து, நம் கதவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

மாமா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உன் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார், கத்தினார், காலில்கூட விழுந்தார். நடக்கவில்லை. நான் முற்றத்தில் இறங்கி மழைக்குள் நின்று பாடினேன். முடியை அவிழ்க்கவில்லை, மாரில் அடிக்கவில்லை. இது சாவுப் பாட்டில்லையே. இரண்டாம் அடியில் சுருதி இறங்கிப் பாட்டு நின்றுவிட்டது. சுப்பம்மாக்கா எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அந்த அடிகள் தெரியாது, ஆனால் "என்னப் பெத்த அப்பாவே" தெரியுமே. முழுதும் பாடி முடித்து, மறுபடி முதலிலிருந்து பாடினேன்.

மாமா வெளியே வந்தார். "யாரு கட்டுனது?" என்று கேட்டார். நாடகத்துக்குப் பிறகு என்னோடு அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது. "ஒங்க மகதான் மாமா. அவ கையெழுத்து இருக்குங்க" என்றேன். கடிதத்தை நீட்டினேன். மழையில் எழுத்தெல்லாம் ஊறிக்கொண்டிருந்தது. வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். திருப்புளியோடு வந்து கதவின் பிணைச்சலைக் கழற்றத் தொடங்கினார்!

"மல வருது, நீங்க கதவக் கழட்டுறீங்களா?" என்று நான் கத்திய கத்தல் கீழ்ப் பிரிவுக்கே கேட்டிருக்கும். மாமா ஆணியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார்: "வாசலத் தேடி வரமாட்டாதான். வந்தா தட்டுறதுக்கு ஒண்ணு வேணும்ல?"

கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கினார். உன் அண்ணன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் உன் பெட்டியோடு பின்னால் போனேன். அவ்வளவுதான், லயமே இறங்கியது. அந்த மழைக்குள் ஒரு நீலக் கதவு முன்னே போக, பதினான்கு குடும்பமும் அதன் பின்னே. நாடகத்தில் வைத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நாலு மணிக்கு மலை வந்தது. சத்தம் மட்டும் கேட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தபோது லயத்தின் மேல்பக்கத்தில் நம் காம்பரா இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. நான் நிஜமாகவே மண்ணைக் கேட்டு நின்றேன், ஹில்டா.

மாமா என் கையால் சாப்பிட்டார். பாடசாலை அடுப்பில் வைத்த பருப்பு. உப்புக் கூடிவிட்டது என்று குறை சொன்னார். சந்தோஷத்தில் இன்னும் ஒரு அகப்பை ஊற்றினேன்.

அண்ணி


பாடசாலை
கொரக்காவத்தை
23.06.2024

மகள் ஹில்டாவுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். இருமல் குறைந்திருக்கிறது. நீ காய்ச்சலில் கிடந்ததாக அண்ணி சொன்னாள். வெயிலில் திரியாதே. உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

உன் கடிதம் நனைந்துவிட்டது. காயவைத்து வாசித்தேன். பாட்டு மட்டும்தான் எழுத்துத் தெரிந்தது. மிச்சத்தை அண்ணி சொன்னாள். கோபம் என்று நீ நினைத்தாய் என்றும் சொன்னாள். கோபம் இல்லை. நீ போன பிறகு வீட்டில் சத்தம் இல்லாமல் போனது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

புதுக் காணி தருவதாக வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டும்வரை இங்கேதான். உன் பெட்டி நனையவில்லை. கதவைப் பாடசாலைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதில் கரிக்கட்டியால் எழுதிப் பழகுகிறார்கள். கையெழுத்து ஒன்றும் நன்றாக இல்லை.

வருவதாக இருந்தால் வா. அங்கேயே இருப்பதாக இருந்தால் இரு. எனக்காக இரண்டில் ஒன்றையும் செய்யாதே.

இன்னொன்று. அந்த நுஸ்ஹா பிள்ளை நாடகத்தைப் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறது. அங்கேயும் மலை வெடித்திருக்கிறதாம், சனம் இறங்க மாட்டேன் என்கிறதாம். அண்ணி பாடுகிறாள். இரண்டாம் அடியில் இன்னும் சுருதி இறங்குகிறது, சொன்னால் முறைக்கிறாள். என்னையும் கதவைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஒருதரம் நடக்கச் சொல்கிறார்கள். எனக்கு நடிக்கத் தெரியாது என்றேன். நடிக்க வேண்டாம், அன்றைக்கு மாதிரி நடந்தால் போதும் என்றார்கள். சரி என்றுவிட்டேன்.

ஆகவே நீ வரும் நாளில் நாங்கள் இங்கே இல்லாவிட்டால் பயப்படாதே. சுப்பம்மாவிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டு பஸ் ஏறு. நானும் கதவும் ஒரே லொறியில்தான் போகிறோம்.

அப்பா
தேவதாசன்